ஒரு துளிக் குருதியும் நம் கடமையும்

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் நம் மனக்கண்முன் வருவன விலையுயர்ந்த கருவிகளே. அக்கருவியில் வைத்துச் சோதிக்கும் குருதி எப்படி எடுக்கப்பட்டது, எங்கே வைக்கப்பட்டது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அது உதவியாளர் வேலைதானே என்ற அலட்சியம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த அலட்சியம் ஆராய்ச்சியின் அடித்தளத்தையே அரித்துவிடும் என்பது என் கருத்து.

உடலைவிட்டு வெளிவந்தவுடன் குருதி ஓய்ந்துவிடுவதில்லை. குழாய்க்குள்ளும் அதன் அணுக்கள் சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன. தடுப்புமருந்து கலவாத குருதியைச் சாதாரண வெப்பத்தில் வைத்தால், மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை சர்க்கரை குறைகிறது. காலையில் எடுத்த குருதி உச்சிப்பொழுதுவரை மேசைமேல் கிடந்தால், நீரிழிவு உள்ளவரும் இல்லாதவராகத் தோன்றக்கூடும். முரட்டுத்தனமாகக் குலுக்கினாலோ, சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் கசிந்து, இல்லாத ஆபத்தைக் காட்டும். கருவி பொய் சொல்வதில்லை. நாம் கொடுத்த குருதிதான் பொய் சொல்கிறது!

ஆதலால், எடுத்த நேரம், பிரித்த நேரம், வைத்த வெப்பநிலை ஆகிய மூன்றையும் எழுதி வைத்தல் வேண்டும். கொடுத்தவர் பெயருக்குப் பதிலாக எண் இடவேண்டும். அதுவும் குளிரில் அழியாத மையால் இடவேண்டும். முழுவதையும் ஒரே குப்பியில் உறையவிடாமல், சிறு சிறு குப்பிகளாகப் பகிர்தல் நலம். உருகி உறையும் ஒவ்வொரு முறையும் பொருள் கெடுகிறதன்றோ? நெடுங்காலச் சேமிப்புக்குச் சுழியத்துக்குக் கீழ் 80 பாகை செல்சியஸ் காக்கும் உறைபெட்டி வேண்டும். உயிரணுக்களை உயிரோடு காக்கவோ, கீழ் 196 பாகையிலுள்ள திரவ நைட்ரஜன் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் நம்பி வைப்பதும் தவறு. 2012இல் அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனை மூளை வங்கியில் ஓர் உறைபெட்டி பழுதுற்றது. எச்சரிக்கை மணியும் ஒலிக்கவில்லை. ஆட்டிசம் ஆராய்ச்சிக்கென வைத்திருந்த மூளைகளில் ஐம்பதுக்கு மேற்பட்டவை கெட்டன. இழப்பில் வாடிய குடும்பங்கள் மனமுவந்து அளித்த கொடை அது!

நன்கு காத்த குருதியோ, எடுத்தவரே எண்ணாத உண்மையைப் பின்னாளில் சொல்லும். 1959இல் இன்றைய கின்சாசா நகரில் வேறோர் ஆய்வுக்காக எடுத்த குருதியில், எய்ட்ஸ் கிருமியின் தடயம் இருந்தது. உலகம் அந்நோயை அறிந்ததோ 1981இல்தான்!

ஆனால், இதே ஆற்றலில்தான் அநீதிக்கும் இடமிருக்கிறது. அமெரிக்காவின் ஹவசுப்பாய் பழங்குடியினர், நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பி, 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்க்குக் குருதி கொடுத்தனர். அதைக் கொண்டு மனநோய் பற்றியும், அவர்தம் முன்னோர் வந்த வழி பற்றியும் ஆராய்ந்தனர். வழக்கு மூண்டது, 2010இல் பல்கலைக்கழகம் இழப்பீடு தந்து குருதியையும் திருப்பிக் கொடுத்தது. அறிவு வளர்ந்ததே என்று இதற்குச் சமாதானம் சொல்லலாமா? கூடாது. கேட்டுப் பெறுவதற்கு வழி இருக்கிறது. இந்த ஆய்வுக்கு மட்டுமா, இதையொட்டிய ஆய்வுகளுக்குமா, எந்த ஆய்வுக்குமா என்று படிப்படியாகக் கேட்டு ஒப்புதல் பெறலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதற்கு இடம் தருகின்றன. கொடுப்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கவேண்டும் என்றும் அவை வற்புறுத்துகின்றன.

தமிழ் மாணவர்களே! தாய்மொழி வழங்காத ஊரில் வாழும் நமக்கு, புரியாத படிவத்தில் கையெழுத்திடுவதன் சங்கடம் தெரியும். நாளை உங்களிடம் குருதி கேட்டால், எதற்கு, எத்தனை ஆண்டுக்கு, யார் பொறுப்பில் என்று கேளுங்கள். புரியாவிட்டால், புரியும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். நம்முள் மருத்துவமும் உயிரியலும் பயில்வோர்க்கு இன்னொரு கடமையும் உண்டு. உங்கள் முன் கைநீட்டி அமரும் நோயாளி இந்தியோ, வங்காளமோ, வேறெதுவோ பேசுவார். அவர் மொழியில் நாலு வார்த்தை கற்றாவது விளக்கிச் சொல்லுங்கள். நமக்கு வேண்டுமென்று கேட்கும் உரிமையைப் பிறருக்கும் வழங்குவதுதானே நேர்மை?