சொந்தக் கருவியைச் சொந்த ஊழியர்களே சோதிப்பது: எப்போது உதவும், எப்போது ஏமாற்றும்?

உங்கள் நிறுவனம் ஒரு புதிய மென்பொருள் கருவியை உருவாக்கியிருக்கிறது. இன்னும் முழுமை பெறவில்லை, அடிக்கடி தகராறு செய்கிறது. ஆனாலும் மேலாளர் வந்து, "நாளையிலிருந்து நம்ம டீம் வேலைக்கு இதைத்தான் பயன்படுத்தப் போறோம்" என்கிறார்.

சரி என்பீர்களா?

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பயிற்சிக்குச் சேரும் மாணவர் முதல் மூத்த பொறியாளர் வரை பலருக்கும் இந்தக் கேள்வி வரலாம். ஏஐ கோடிங் கருவிகள் வந்த பிறகு, 'முதலில் நம்ம ஆளுங்களே பயன்படுத்திப் பார்க்கட்டும்' என்பது உலகெங்கும் மென்பொருள் நிறுவனங்களில் பேசப்படும் விஷயமாகிவிட்டது.

இது நல்ல பழக்கமா? அல்லது ஊழியர் தலையில் கட்டப்படும் கூடுதல் சுமையா?

மைக்ரோசாப்டில் என்ன நடந்தது?

2025 மே மாதம் நடந்த 'பில்ட்' மாநாட்டில், கிட்ஹப் கோப்பைலட்டின் புதிய ஏஜென்ட் வசதி முன்னோட்டமாக அறிமுகமானது. ஒரு பிழையைச் சரிசெய்யச் சொல்லி அதனிடம் ஒப்படைத்தால், தானே கோட் எழுதி, 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கோரிக்கையும் அனுப்பும்.

அதே நாள்களில் மைக்ரோசாப்டின் டாட்நெட் குழு தங்கள் சொந்த வேலையில் அதைப் பயன்படுத்திப் பார்த்தது. டாட்நெட் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் என்பதால், நடந்ததை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. ஏஜென்ட் எழுதிய சில திருத்தங்கள் சோதனைகளில் தோற்றன. பொறியாளர் சுட்டிக்காட்டினார், அது மீண்டும் எழுதியது, மறுபடியும் தோற்றது.

இணையத்தில் கேலி பறந்தது. குழுவின் தரப்பு விளக்கம் எளிமையானது: இந்தக் கருவியால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த முயற்சி. இதைப் பயன்படுத்த யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எந்த கோட் உள்ளே சேர்ந்தாலும் அதற்குப் பொறுப்பு மனிதர்களே.

இந்த விளக்கத்தில் உள்ள இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்: கட்டாயம் இல்லை, பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இல்லை. இவை இரண்டும் இல்லாவிட்டால் கதையே வேறு.

இதற்கு ஏன் 'டாக்ஃபூடிங்' என்று பெயர்?

நாய்த் தீனி விற்பவரே அதைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பதுதான் கருத்து. 1988-இல் மைக்ரோசாப்ட் நிர்வாகி பால் மரிட்ஸ், தங்கள் தயாரிப்பைத் தாங்களே அதிகம் பயன்படுத்த வேண்டும் என்று சக ஊழியருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அதன் பிறகு மென்பொருள் உலகில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி இதற்குப் பெரிய உதாரணம். அரைகுறையாக இருந்த என்டியிலேயே என்டியை உருவாக்க வேண்டும் என்பது குழுத் தலைவர் டேவ் கட்லரின் பிடிவாதம். இன்று காலை நீங்கள் விட்ட பிழை, மதியம் உங்கள் கணினியையே முடக்கும். அப்புறம் யார் அதைத் தள்ளிப்போடுவார்கள்?

இன்று உலகெங்கும் புரோகிராமர்கள் பயன்படுத்தும் கிட் கருவியும் அப்படித்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் 3-ஆம் தேதி அதை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7-ஆம் தேதியே கிட்டின் கோட் கிட்டிலேயே பாதுகாக்கப்பட்டது. நான்கே நாள்கள்!

பினாங்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சோதனை என்பது பினாங்குக்குப் புதிதல்ல. உலகில் சிப்களை அசெம்பிள் செய்து, சோதித்து, பேக் செய்யும் தொழிலில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவுடையது. அதன் மையம் நம்ம பினாங்கு.

1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்துக்கு வந்த முதல் நிறுவனங்களில் இன்டெலோடு ஹியூலட் பேக்கர்டும் ஒன்று. எச்பியின் அளவீட்டுக் கருவிப் பிரிவு 1999-இல் எஜிலென்ட் ஆகவும், 2014-இல் கீசைட் ஆகவும் பிரிந்தது. கீசைட் இன்றும் பாயான் லெப்பாஸில் இயங்குகிறது.

அந்த எச்பியில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. 'அடுத்த மேசை' என்று அதைச் சொல்வார்கள். பக்கத்து மேசையில் இருக்கும் பொறியாளருக்கு என்ன தேவை என்று பார்த்து, அதைச் செய்து கொடு. அவருக்குப் பிடித்தால் மற்ற பொறியாளர்களும் வாங்குவார்கள்.

ஒசிலோஸ்கோப் போன்ற கருவிகளுக்கு இது பிரமாதமாக வேலை செய்தது. காரணம், செய்பவரும் வாங்குபவரும் ஒரே வகை ஆள்கள். எச்பி பினாங்குக்கு வந்த அதே 1972-இல் வெளியான எச்பி-35 கால்குலேட்டரும் இப்படிப் பிறந்ததுதான். சட்டைப் பையில் அடங்கும் கால்குலேட்டர் வேண்டும் என்று கேட்டவர் நிறுவனர் பில் ஹியூலட். 395 அமெரிக்க டாலர் விலைக்கு இது போகாது என்றது சந்தை ஆய்வு. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது.

ஆனால், எச்பி பொது மக்களுக்கான கணினிகளுக்கு நகர்ந்தபோது, அதே வழக்கத்தை ஒரு நோயின் பெயர் போலச் சொல்லத் தொடங்கினார்கள். ஏனென்றால் வாடிக்கையாளர் இப்போது அடுத்த மேசையில் இல்லை.

எங்கே சறுக்குகிறது?

2010 பிப்ரவரியில் கூகுள் 'பஸ்' என்ற சமூக வலைச் சேவையை ஜிமெயிலுக்குள் வெளியிட்டது. வெளியீட்டுக்கு முன் அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் கூகுள் ஊழியர்கள். நீங்கள் அடிக்கடி மின்னஞ்சல் அனுப்பும் ஆள்களை அது தானாகவே உங்கள் தொடர்புப் பட்டியலாக்கி, மற்றவர்கள் பார்க்கும்படி வைத்தது.

அலுவலகத்துக்குள் இது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. பட்டியலில் இருப்பவர்கள் சக ஊழியர்கள்தானே? ஆனால் வெளியே ஒருவர் தன் மருத்துவருக்கு எழுதுவார், வழக்கறிஞருக்கு எழுதுவார், விட்டுப் பிரிந்த துணைக்கும் எழுதுவார். பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 2011-இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 20 ஆண்டுகளுக்குத் தனியுரிமைத் தணிக்கையை கூகுள் ஏற்க வேண்டியதாயிற்று.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் வேண்டுமா? 'பினாங்கு' என்று டைப் செய்யுங்கள். நமக்கு அது நான்கு எழுத்து: பி, னா, ங், கு. யூனிகோட் முறையில் கணினிக்கு அது எட்டுக் குறியீடு. பெயருக்கு இத்தனை எழுத்துதான் என்று வரம்பு வைக்கும் ஒரு படிவத்தை, ஆங்கிலம் மட்டும் டைப் செய்யும் குழு ஆயிரம் முறை சோதித்தாலும் இந்தச் சிக்கல் அவர்கள் கண்ணில் படாது. தமிழில் எழுதும் ஒருவர் முதல் நாளிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஆக, புரோகிராமர்களுக்கான கருவியைப் புரோகிராமர்களே சோதிப்பது ஓரளவு நேர்மையான சோதனை. பொது மக்களுக்கான செயலியை அப்படிச் செய்தால் அது பாதிச் சோதனைதான்.

அடுத்த மேசையில் நீங்கள் இருந்தால்?

இன்னொரு சிக்கல் தொழில்நுட்பம் சார்ந்ததல்ல. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. கருவியை உருவாக்கியது உங்கள் முதலாளி. உங்கள் சம்பள உயர்வை முடிவு செய்வதும் அவரே. 'இது சரியில்லை' என்று சொல்ல எத்தனை பேர் முன்வருவார்கள்? எல்லாரும் 'சூப்பர்' என்று சொல்லும் சோதனையில் பிழை எதுவும் சிக்காது.

அதனால், ஒரு நிறுவனம் தன் புதிய கருவியைப் பயன்படுத்தச் சொல்லும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று: பழைய வழி திறந்திருக்கிறதா? புதிய கருவி முடங்கினால் வேலையை முடிக்க வேறு வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் அது சோதனை அல்ல, உத்தரவு.

இரண்டு: குறை சொல்வதற்கு நேரமும் மதிப்பும் உண்டா? பிழையைக் கண்டுபிடித்து எழுதுவதும் வேலைதான். அந்த நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் வழக்கமான கெடுவையும் வைத்தால், செலவை ஏற்பது ஊழியர்தான்.

மூன்று: தவறு நடந்தால் பொறுப்பு யாருக்கு? ஏஐ எழுதிய கோட் என்றாலும் அனுமதித்தவர் பெயர்தான் நிற்கும். அப்படியானால் மறுக்கும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.

2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகம், 60,000 உயர்திறன் பொறியாளர்களை உருவாக்க இலக்கு வைத்திருக்கிறது. அவர்களில் பலர் மற்றவர் செய்ததைச் சோதிப்பதோடு நிற்காமல், தாங்களே வடிவமைக்கப் போகிறவர்கள். 50 ஆண்டுகளுக்கும் மேலாக பினாங்குத் தொழிற்சாலைகளில் சோதனைப் பிரிவின் வேலை, தேறாத சிப்பைத் தேறவில்லை என்று ஒதுக்கி வைப்பது. யார் செய்த சிப் என்று அங்கே பார்ப்பதில்லை.

மென்பொருளுக்கும் அதே விதிதான். உங்கள் நிறுவனமே செய்த கருவியானாலும், தேறவில்லை என்றால் தேறவில்லை என்று எழுதுங்கள். அதை எழுத விடும் நிறுவனத்தில்தான் சோதனை உண்மையில் நடக்கிறது.