யாரைக் கேட்பது?

வீட்டுத் தோட்டத்தில் புதுவிதமான சிலந்தி ஒன்றைப் பார்க்கிறீர்கள். பாடநூலில் அதன் படம் இல்லை. ஆசிரியருக்கும் பெயர் தெரியவில்லை. வினா அத்துடன் நின்றுவிடலாமா? கூடாது. சிலந்திகளையே ஆராய்ந்து வருபவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கேட்கும் உரிமை பள்ளி மாணவருக்கும் உண்டு என்பதே என் கருத்து.

எப்படித் தேடுவது? இணையத் தேடுபொறியில் ஆங்கிலத்தில் 'ஸ்பைடர்' என்று மட்டும் கொடுத்தால் திரைப்படங்களும் வந்து குவியும். குற்றம் பொறியினுடையது அன்று. நாம் தெளிவாகக் கேட்கவில்லை. தெளிவாகக் கேட்கச் சில குறிகள் உள்ளன. சொற்களை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இட்டால், அவை அதே வரிசையில் வரும் பக்கங்களே தேடப்படும். வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளியின்றிக் கழித்தல் குறி இட்டால், அச்சொல் உள்ள பக்கங்கள் விலக்கப்படும். ஆங்கில எழுத்துகளில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, அதை ஒட்டி 'ஏசி.இன்' என்று எழுதினால் இந்தியக் கல்வி நிறுவனங்களின் பக்கங்கள் மட்டும் வரும். 'ரெஸ்.இன்' என்று எழுதினால் ஆராய்ச்சி நிறுவனங்களின் பக்கங்கள் வரும். அங்கே கிடைக்கும் ஆய்வுக் கட்டுரைகளின் முதல் பக்கத்தில் பெரும்பாலும் ஆய்வாளரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். வாசகர்கள் ஐயம் கேட்பதற்காகவே அது அச்சிடப்படுகிறது.

"விஞ்ஞானிகளுக்கு நம்மோடு பேச நேரம் ஏது?" என்று சிலர் தயங்குவார்கள். அவர்கள் ஜார்ஜ் பூலை நினைத்துப் பார்க்கட்டும். 'உம்', 'அல்லது', 'அன்று' என்னும் தொடர்புகளைக் கணிதமாக்கி 1854-இல் நூல் வெளியிட்டவர் அவர். தேடுபொறிக் குறிகளுக்கு அடிப்படை அந்தக் கணிதமே. செருப்புத் தொழிலாளியின் மகனான பூல், எந்தப் பல்கலைக்கழகத்திலும் மாணவராகப் பயிலவில்லை. ஆயினும் கேம்பிரிட்ஜ் கணித இதழின் ஆசிரியர் டங்கன் கிரிகரியுடன் துணிந்து தொடர்பு கொண்டார். கிரிகரி அவரை ஊக்குவித்து, அவருடைய கட்டுரைகளை வெளியிட்டார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இதே குறிகள் ஒருவரின் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும்கூடத் தோண்டித் தரலாம். கண்ணில் பட்டதெல்லாம் நாம் பயன்படுத்துவதற்கு அன்று. ஆய்வாளர் தம் பணிக்காக வெளியிட்ட முகவரிக்கு மட்டுமே எழுதுங்கள். ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லிவிட்டு எழுதுங்கள். உங்கள் வீட்டு முகவரியைக் கொடுக்க வேண்டாம்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். எங்கே, எப்போது, என்ன கண்டீர்கள் என்பதை எழுதி, ஒரே ஒரு வினாவைக் கேளுங்கள். பதில் வராமலும் போகலாம். அப்போது இன்னொருவருக்கு எழுதுங்கள். கேட்காத வினாவுக்கு மட்டுமே பதில் நிச்சயமாக வராது!