நான் எதற்கு வரவேண்டும்?

தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்கிற குழந்தைகளைப் பற்றி நம் ஊர்களில் இரண்டு அபிப்பிராயங்கள் நடமாடுகின்றன. ‘கொழுப்பு, நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும்’ என்பது ஒன்று. ‘காற்று கருப்பு, அமாவாசைக்கு மேல்மலையனூர் அழைத்துப் போனால் சரியாகிவிடும்’ என்பது மற்றொன்று. படித்தவர்கள் மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கிறார்கள்: ‘டாக்டரிடம் விட்டுவிட்டால் சரியாகிவிடும்.’ மூன்றும் வேறு வேறு என்று அவரவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் படுகின்றன. பிரம்பிடமோ, பூசாரியிடமோ, டாக்டரிடமோ குழந்தையை ஒப்படைத்துவிட்டு நாம் வாசலில் நின்றுகொள்ளலாம் என்பதுதான் மூன்றுக்கும் அடிப்படை.

வளவனூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. (கடையை மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன், யாரும் போய்த் தேடவேண்டாம்.) பத்தாவது படிக்கிற பெண், சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வளைய வந்திருக்கிறாள். எண்ணெய் தேய்த்துவிடும்போது பாட்டி பார்த்துவிட்டாள். அன்று ராத்திரி அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பெரியப்பா ‘முதல்லே அந்தப் போனைப் பிடுங்கு’ என்றார். அப்பா பெல்ட்டைத் தேடினார். ‘என்னம்மா கஷ்டம் உனக்கு?’ என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ‘உனக்கு என்ன குறை வைத்தோம்?’ என்று மட்டும் எல்லோரும் கேட்டார்கள். இரண்டும் ஒரே கேள்வியல்ல. முதல் கேள்வி பதிலுக்காகக் காத்திருப்பது. இரண்டாவது கேள்வி, பதில் வந்து தொலைத்துவிடக் கூடாதே என்று கேட்கப்படுவது.

பிறகு அமாவாசை, எலுமிச்சம்பழம், கயிறு எல்லாம் ஆயிற்று. கடைசியில் யாரோ சொல்லி அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் காட்டினார்கள். அவர் நல்ல மனிதர். பெண்ணிடம் தனியே பேசிவிட்டு, ‘அடுத்த வாரத்திலிருந்து அப்பா, அம்மா, பாட்டி எல்லோரும் வந்து உட்காரவேண்டும்’ என்றிருக்கிறார். அங்கேதான் தகப்பனாருக்குக் கோபம் வந்துவிட்டது. என்னிடம் சொல்லிக் குமுறினார்: “நான் எதுக்குங்க வரணும்? எனக்கு ஒண்ணும் இல்லியே! கடையை யாரு பாக்கறது?” கடையில் நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். ஆணியை எடை போடத் தெரியுமா என்று கேட்டார்.

இந்த மனிதரைக் கொடியவர் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. மகளுக்காகக் கிட்னியைக் கொடு என்றால் கொடுத்துவிடுவார். கொடுக்கமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடிப்பது வாரத்தில் ஒரு மணி நேரத்தைத்தான். ஏன்? கிட்னியைக் கொடுத்தால் தியாகி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் குற்றவாளி என்று அவர் நினைக்கிறார்.

அங்கே யாரும் யாரையும் குற்றவாளியாக்குவதில்லை. குடும்பத்தோடு சிகிச்சை என்றால் என்ன நடக்கிறது? எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, இந்த வீட்டில் யார் பேசினால் யார் வாயை மூடிக்கொள்கிறார்கள், சண்டை எந்த இடத்தில் ஆரம்பித்து எந்த இடத்தில் முடிகிறது, ‘வேண்டாம்’ என்று இந்தப் பெண்ணால் யாரிடம் சொல்லமுடிகிறது என்று நிதானமாகக் கேட்டுப் பார்க்கிறார்கள். காயத்தைக் கண்டதும் கூச்சல் போடாமலிருக்க, தலையிலடித்துச் சத்தியம் வாங்காமலிருக்க, ஆபத்தான பொருள்களைக் கைக்கெட்டாமல் எடுத்துவைக்க, அந்த வேகம் கிளம்புகிற ராத்திரியில் பெண் யாரை எழுப்பவேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறார்கள். பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஆனால் நூறு முறை செய்து பழகவேண்டிய காரியங்கள் இவை. நடுவில் அந்தக் குழந்தை மறுபடியும் காயப்படுத்திக்கொள்ளலாம். அதற்காக ‘எல்லாம் வீண்’ என்று எழுந்து போய்விடக்கூடாது.

அமெரிக்காவில் மார்ஷா லினெஹன் என்ற அம்மையார் இதற்கென்றே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். 1993-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். உலகமே அவரை நிபுணர் என்று கொண்டாடிய பிறகு, 2011-ல், தாமே பதினேழு வயதில் இதே நிலையில் மனநல விடுதியில் கிடந்தவர் என்பதைப் பகிரங்கமாகச் சொன்னார். அவர் முறையின் உயிர்நாடி என்று எனக்குப் படுவது இது: ‘நீ படுகிற வேதனை மெய்தான்’ என்று முதலில் ஒப்புக்கொள், ‘இதைவிட வேறு வழி பழகு’ என்று பிறகு சொல். நம் வீடுகளில் முதல் பாதி கிடையாது. நேரே இரண்டாம் பாதிக்கு, அதுவும் பெல்ட்டோடு.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம் என்று சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். விழுப்புரத்தில் காட்பாடி ரயிலேறினால் வேலூர். அங்கே சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-ல் தொடங்கியபோதே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் கூடவே தங்கவேண்டும் என்று வைத்தார்கள். அதே காலத்தில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்தார். நோயாளியைப் பூட்டிவைப்பதே சிகிச்சை என்று உலகம் பெரும்பாலும் நம்பிய காலம் அது. நம் மண்ணின் வழக்கமும் அதுதானே? காலை ஒடித்துக்கொண்டவனைப் பார்க்க டிபன் காரியரோடு ஏழு பேர் வேன் பிடித்துப் போகிறோம். மனசை ஒடித்துக்கொண்டவளை மட்டும் தனியாக அனுப்புகிறோம்.

‘கவனத்தை இழுக்கத்தான் இப்படிச் செய்கிறாள்’ என்று ஒரு வாதம் உண்டு. கவனத்தை இழுக்கச் செய்கிறவள் சித்திரை வெயிலில் கையை ஏன் மூடிக்கொள்கிறாள்? சரி, கவனத்துக்காகவே என்று வைத்துக்கொள்வோம். சோற்றுக்காக அழுகிற குழந்தையைச் ‘சோற்றுக்காகத்தான் அழுகிறது’ என்று விட்டுவிடுகிறோமா? இப்படிச் செய்கிறவர்களில் மிகப் பலர் சாகவேண்டும் என்று செய்வதில்லை. சொல்லாக மாறாத ஒரு வேதனையை அமுக்குவதற்குச் செய்கிறார்கள். அதற்காக அலட்சியம் செய்துவிடவும் கூடாது; பிற்பாடு உயிரை மாய்த்துக்கொள்ளும் அபாயம் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. மொத்தத் தற்கொலைகளில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த ஸ்தானம் நமக்கு. ரத்தத்தில் காதல் கடிதம் எழுதிய சினிமாக் கதாநாயகனுக்குக் கை தட்டிய அதே தகப்பன்மார்கள்தாம், வீட்டில் ஒரு காயத்தைப் பார்த்ததும் பெல்ட்டைத் தேடுகிறார்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் வேறு. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது மட்டும் என்றுமே குற்றமாக இருந்ததில்லை. தற்கொலை முயற்சிக்கு 309 என்று ஒரு பிரிவு இருந்தது. முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக்கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. இன்னமும் அந்தப் பயத்தைக் காரணம் காட்டிக் காயத்துக்கு மஞ்சளை அப்பிக் கதவைச் சாத்திக்கொள்கிறவர்களுக்குச் சட்டத்தைவிட அடுத்த வீட்டுக்காரரிடம்தான் பயம்.

குடும்பம், குடும்பம் என்கிறேனே. எல்லாக் குடும்பமும் கோயிலா? இல்லை. காயத்துக்குக் காரணமான கை அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். மாமாவோ, பெரியப்பாவோ, பெற்ற தகப்பனோ கூட இருக்கலாம். அப்படிப்பட்டவனோடு அந்தக் குழந்தையை ஒரே அறையில் உட்காரவைப்பது பாவம். அதற்கு 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் இருக்கிறது, 1098 இருக்கிறது. இதனால்தான் விவரம் தெரிந்த டாக்டர்கள் குழந்தையிடம் முதலில் தனியாகப் பேசுகிறார்கள். ‘என் பெண்ணிடம் தனியாக என்ன பேச்சு?’ என்று கதவைத் தட்டுகிற தகப்பன்மார்களுக்காக இதைச் சொல்லுகிறேன்.

சர்க்கார் நினைத்தால் நடக்காது என்பதில்லை. பத்தாவது, பன்னிரண்டாவதில் தோற்றவர்கள் அதே வருஷம் மறுபடி எழுத ஏற்பாடு வந்தது. ‘மாநிலத்தில் முதலிடம்’ என்று படம் போடுகிற கேலிக்கூத்தை 2017-ல் நிறுத்தினார்கள். 1986-லிருந்து சென்னையில் ‘சிநேகா’வை நடத்திவருகிற டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் இப்படிப்பட்ட மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2022-லிருந்து 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுக்குள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மனநலக் கோளாறு உண்டு என்று நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய ஆய்வே 2015-16-ல் சொல்லியிருக்கிறது. லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர்கூட இல்லாத தேசத்தில் மாவட்டத் தலைநகரத்து ஆஸ்பத்திரி ஒன்றை மட்டும் நம்பி என்ன செய்வது?

நான் கேட்பது அதிகமில்லை. வளவனூர் மாதிரி ஊர்களுக்கு, பழகிய ஆலோசகர் ஒருவர் வாரம் ஒரு தடவையாவது வந்து உட்காரவேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வேண்டாம். அந்த நேரத்தில் கூலிக்காரனும் வரமாட்டான், கடைக்காரனும் வரமாட்டான். தாய்மார்கள் மட்டும்தான் வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வரட்டும். அறையில் குழந்தைக்கும் டாக்டருக்கும் இரண்டு நாற்காலி போட்டால் போதாது; நாலைந்து வேண்டும்.