இரசிகன் வாடிக்கையாளனா?
பிரித்தானிய உதைபந்தாட்டக் கழகங்களின் போக்குக் குறித்து

கலை இலக்கியக் கட்டுரைகளே பெரும்பான்மையாக இடம்பெறும் இதழொன்றில் உதைபந்தாட்டம் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு. அதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்தம் எண்ணம். ஆயின், இலட்சக்கணக்கான மக்கள் வாரந்தோறும் ஓரிடத்தில் கூடுவதும், அவர்தம் உணர்ச்சி விலைபேசப்படுவதும், அவர்கள் தம் குறைகளை எடுத்துரைக்கும்போது அதிகாரத்தில் உள்ளோர் அவற்றை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதும் சமூகவியல் நோக்கிற்கு உரியனவே. சனிக்கிழமை மாலைகளில் விடுதித் தொலைக்காட்சியின் முன் கூடி இங்கிலாந்தின் பிறீமியர் லீக் ஆட்டங்களைப் பார்க்கும் நம் மாணவர்க்கு இது தொலைதூரத்து விடயமும் அன்று. நாம் கேட்கும் ஆரவாரத்தை எழுப்புவோர் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்ற வினாவை நாம் ஒருமுறையேனும் எழுப்பியிருக்கவேண்டும்.

நுழைவுச்சீட்டின் விலை, ஆட்டம் தொடங்கும் நேரம், வாயிலில் ஏற்படும் நெரிசல், நின்று பார்க்கும் உரிமை, காவலரின் நடத்தை ஆகியன பற்றி இரசிகர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். இன்றைய கழகங்கள் இம்முறைப்பாடுகளை மறுப்பதில்லை. 'நாம் செவிசாய்க்கின்றோம்' என்று கூறுகின்றன. 'போட்டிநாள் அனுபவம்' என்றொரு தொடரை ஆக்கி, அதனை மேம்படுத்துவதற்கென அலுவலரை நியமித்து, வினாக்கொத்துகளை அனுப்புகின்றன. இதனைக் கண்டு, கழகங்கள் மனம் மாறிவிட்டன என மகிழ்வோர் உளர். இம்மகிழ்ச்சி அடிப்படையற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம். செவிசாய்ப்பது வேறு, கட்டுப்படுவது வேறு. இரசிகனை வாடிக்கையாளனாகக் கருதும் வரையில், அவனது குரல் கணக்கேட்டில் ஒரு பதிவாக இருக்குமேயன்றி உரிமைக் குரலாக அமையாது.

முதலில் வரலாற்றை நோக்குவோம். கிளாஸ்கோ நகரின் ஐப்ரொக்ஸ் மைதானத்தில் பதின்மூன்றாம் படிக்கட்டு என்று அழைக்கப்பட்ட செங்குத்தான வழியொன்று இருந்தது. 1961 இல் அங்கு ஏற்பட்ட நெரிசலில் இருவர் இறந்தனர். 1967 இலும் 1969 இலும் அதே படிக்கட்டில் பலர் காயமுற்றனர். எச்சரிக்கை ஒருமுறையன்று, மும்முறை விடுக்கப்பட்டது. 1971 ஜனவரி 2 ஆந் திகதி ஆட்டம் முடிந்து மக்கள் வெளியேறுகையில் அப்படிக்கட்டிலேயே 66 பேர் மாண்டனர். கழகத்தின் கவனக்குறைவே காரணம் என 1974 இல் நீதிமன்றம் தீர்த்தது. மூன்று எச்சரிக்கைகளுக்கும் பத்து ஆண்டுகளுக்கும் அசையாத நிருவாகத்தை 66 பிரேதங்களே அசைத்தன.

இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் உள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தின் கதையும் இதுவே. 1981 இல் அங்கு நடைபெற்ற கிண்ண அரையிறுதி ஆட்டத்தில் லெப்பிங்ஸ் லேன் பக்கத்துப் படிமேடையில் நெரிசல் ஏற்பட்டு 38 பேர் காயமுற்றனர். அதன் பின்னர் நிகழ்ந்தது யாது? படிமேடை கம்பிவேலிகளால் கூறுபடுத்தப்பட்டது. மக்கள் கூட்டம் பாதுகாக்கப்படவேண்டியது எனக் கருதப்படவில்லை. அடைத்து வைக்கப்படவேண்டியது எனவே கருதப்பட்டது. 1989 ஏப்ரல் 15 ஆந் திகதி அவ்வேலிகளுக்குள் நசுங்கியோருள் 97 பேரின் மரணம் இன்று அவ்வனர்த்தத்தின் கணக்கில் உள்ளது. இறந்தோர் மீதே பழி சுமத்தப்பட்டது. குடிவெறியும் ஒழுங்கீனமுமே காரணம் எனப் பொலிஸ் தரப்பில் பரப்பப்பட்ட பொய்யைப் பத்திரிகைகள் அச்சிட்டன. இரசிகர்கள் எவ்வகையிலும் பொறுப்பாளிகள் அல்லர், அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்ற தீர்ப்பைப் பெறுவதற்கு அக்குடும்பங்கள் 2016 வரை, இருபத்தேழு ஆண்டுகள் போராட நேர்ந்தது.

அக்காலத்து நிருவாகிகளின் மனப்பாங்கை அறிய ஒரு சான்று போதும். 1985 இல் லண்டனின் செல்சீ கழகத் தலைவர் கென் பேற்ஸ், பால்பண்ணைகளில் மாடுகளைத் தடுக்கப் பயன்படும் மின்வேலியை இரசிகரின் முன்னால் அமைத்தார். நகரசபை அனுமதி மறுத்தமையால் அதில் மின்சாரம் பாய்ச்சப்படவில்லை. கட்டணம் செலுத்தி வந்த மனிதனையும் கால்நடையையும் ஒரே நிலையில் வைத்து நோக்கிய அம்மனப்பாங்கிற்கு அவ்வேலி நின்றதே சான்று.

ஹில்ஸ்பரோவின் பின்னர் நிலைமை மாறியது என்பர். மாறியது உண்மை, எத்திசையில் மாறியது என்பதே வினா. நீதியரசர் டெயிலர் 1990 ஜனவரியில் வெளியிட்ட இறுதி அறிக்கை, பெருங்கழகங்களின் மைதானங்களில் அனைவர்க்கும் இருக்கை அமைக்குமாறு பரிந்துரைத்தது. அதே அறிக்கை, இதனைக் காரணங்காட்டி ஏழை இரசிகரை விலையால் வெளியேற்றலாகாது என்றும் கருதியது. ஐப்ரொக்ஸில் நிற்பதற்கு 4 பவுணும் இருப்பதற்கு 6 பவுணும் அறவிடப்படுவதை அது எடுத்துக்காட்டியது. கழகங்கள் முதற்பகுதியை நிறைவேற்றின. இரண்டாம் பகுதியை மறந்தன. 1992 இல் பிறீமியர் லீக் தோன்றியது. தொலைக்காட்சிப் பணம் பெருகியது. சீட்டின் விலை பொதுவான விலையேற்றத்தை விஞ்சி உயர்ந்தது. தந்தையின் தோளிலிருந்து ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய தொழிலாளியின் மகன், தன் மகனை அழைத்துச்செல்ல இயலாதவனானான். பாதுகாப்பின் பெயரால் ஒரு வர்க்கமே மைதானத்திலிருந்து மெல்ல அகற்றப்பட்டது. கால்நடையாகக் கருதப்பட்டவன் இப்போது வாடிக்கையாளனாகக் கருதப்படலானான். இதனை முன்னேற்றம் என்று எவ்வாறு கூறுவது?

வாடிக்கையாளன் என்னும் இக்கருத்தே தவறானது. பொருளியலறிஞர் அல்பேர்ட் ஹேர்ஷ்மன் 1970 இல் வெளியிட்ட நூலொன்றில், ஒரு நிறுவனத்தின் மீது அதிருப்தி கொள்வோர்க்கு இரு வழிகள் உள்ளன என விளக்கினார்: ஒன்று வெளியேறுதல், மற்றையது குரலெழுப்புதல். சவர்க்காரம் பிடிக்காதவன் வேறு சவர்க்காரம் வாங்குவான். அவன் வெளியேறிவிடுவான் என்ற அச்சமே உற்பத்தியாளனைத் திருத்துகிறது. ஆனால் நியூகாசில் கழகத்தின் இரசிகன் சீட்டின் விலை கூடியமைக்காகச் சண்டர்லாந்தின் இரசிகனாக மாறுவானா? மாறான் என்பதை அவனைவிடக் கழகம் நன்கு அறியும். அவனது பற்றுறுதியே அவனுக்கு விலங்காகிறது. எங்கும் செல்லமாட்டான் என அறிந்த ஒருவனை வாடிக்கையாளன் என அழைப்பது நயவஞ்சகம்.

இதனினும் முக்கியமான உண்மை ஒன்றுண்டு. இரசிகன் நுகர்வோன் மட்டும் அல்லன். உற்பத்தியில் பங்குகொள்வோனும் ஆவான். பாடலும் முழக்கமும் பெருமூச்சும் நிறைந்த மைதானமே தொலைக்காட்சி நிறுவனங்கட்கு விற்கப்படும் பண்டம். இதற்குச் சான்று 2020 இல் கிடைத்தது. கொவிட் நோய்த்தொற்றால் மைதானங்கள் வெறுமையாயிருந்த அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஆட்டங்கள் மீள ஆரம்பித்தபோது, ஒளிபரப்பாளர் செயற்கை ஆரவாரத்தை ஒலிக்கச் செய்தனர். வீரர்கள் இருந்தனர், பந்து இருந்தது, விதிகள் இருந்தன. இருந்தும் பண்டம் முழுமை பெறவில்லை. இல்லாத இரசிகனின் குரலைப் போலியாகவேனும் படைக்கவேண்டியிருந்தது. தன் உழைப்பை ஊதியமின்றி வழங்குவதோடு, அதனை வழங்குவதற்கு அவனே கட்டணமும் செலுத்துகிறான் என்பதுதான் இதிலுள்ள விந்தை. ஆகவே அவனது முறைப்பாடு, கடைக்காரரிடம் வாடிக்கையாளன் கூறும் குறையன்று. தொழிற்சாலையில் தொழிலாளி முன்வைக்கும் கோரிக்கைக்கு ஒப்பானது அது.

இவ்வாறு நோக்கினால், கழகங்கள் எப்போது இணங்குகின்றன என்பது விளங்கும். 2016 பெப்ரவரியில் லிவர்பூல் கழகம் தனது உயர்ந்த சீட்டின் விலையை 59 பவுணிலிருந்து 77 பவுணாக உயர்த்த எண்ணியது. முந்திய ஆண்டிலேதான் பிறீமியர் லீக் ஒளிபரப்புரிமை 500 கோடி பவுணுக்கு மேல் விற்கப்பட்டிருந்தது. பெப்ரவரி 6 ஆந் திகதி, சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77 ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 இரசிகர்கள் எழுந்து வெளியேறினர். அப்போது லிவர்பூல் இரு கோல்களால் முன்னணியில் இருந்தது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. சில நாட்களுள் உரிமையாளர் மன்னிப்புக்கோரித் திட்டத்தைக் கைவிட்டனர். பேச்சுவார்த்தை மேசையில் கேளாத செவி, வெறுமையான இருக்கைகளைக் கண்டதும் திறந்தது. அது வேலைநிறுத்தம் அன்றி வேறு யாது? வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும் இரசிகரின் சீட்டுக்கு 30 பவுண் என்ற உச்சவரம்பும் அவ்வாண்டிலேயே, பல கழகங்களின் இரசிகர்கள் ஒன்றிணைந்து ஆண்டுக்கணக்கில் நடத்திய இயக்கத்தின் பின்னரே கிடைத்தது.

2021 ஏப்ரலில் ஆறு ஆங்கிலக் கழகங்கள் தம் இரசிகரிடம் ஒரு வார்த்தையும் கேளாது ஐரோப்பியப் பெருஞ் சங்கமொன்றை அமைக்க முன்வந்தன. இரசிகர்கள் வீதிக்கு வந்தனர். மூன்று நாட்களுள் அக்கழகங்கள் பின்வாங்கின. இதன் விளைவாக விசாரணைகள் நடைபெற்றன. 2023 முதல் ஒவ்வொரு பிறீமியர் லீக் கழகமும் இரசிகர் ஆலோசனைச் சபையொன்றை வைத்திருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. 2025 இல் சுயாதீன ஒழுங்குபடுத்துநரை நிறுவும் சட்டமும் நிறைவேறியது. இவற்றை நாம் புறக்கணிக்கவில்லை. எனினும் ஆலோசனை என்ற சொல்லை உற்றுநோக்குதல் தகும். ஆலோசனை கூறுவோனுக்கு வாக்கு இல்லை. 2024 நவம்பரில் மன்செஸ்டர் யுனைற்றட் கழகம், பருவகாலத்தின் நடுவில், எஞ்சிய ஆட்டங்களுக்கு அங்கத்தவர் வாங்கும் சீட்டின் விலையை 66 பவுணாக்கிச் சிறுவர்க்கும் முதியோர்க்கும் இருந்த சலுகையை நீக்கியது. அக்கழகத்திலும் ஆலோசனைச் சபை இயங்கிக்கொண்டுதான் இருந்தது. சபை இருந்தது, சலுகை போயிற்று. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

வாக்குரிமை இருப்பின் நிலைமை வேறாகும் என்பதற்கு ஜேர்மனியைக் காட்டலாம். அங்கு, சில விலக்குகள் நீங்கலாக, கழகத்தின் வாக்குகளில் அரைப்பங்கிற்கு மேல் அங்கத்தவரிடமே இருத்தல் வேண்டும் என்பது விதி. தொழிலுக்குச் செல்வோர் பயணஞ்செய்ய இயலாத திங்கட்கிழமை ஆட்டங்களை இரசிகர் எதிர்த்தனர். 2021 முதல் முதற்பிரிவில் அவை கைவிடப்பட்டன. ஒளிபரப்புரிமையில் ஒரு பங்கைத் தனியார் முதலீட்டாளருக்கு விற்கும் திட்டத்தை 2024 இல் அவர்கள் மைதானத்தினுள் ரெனிஸ் பந்துகளை எறிந்து எதிர்த்தனர். அவ்வாண்டு பெப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. ஜேர்மனி சொர்க்கபூமி என நாம் கூறவரவில்லை. விதியின் எழுத்தைக் காத்து அதன் நோக்கத்தைக் குலைக்கும் கழகங்கள் அங்கும் உள்ளன. ஆயினும் அங்கு நிருவாகி தன் இருக்கைக்காக இரசிகனின் வாக்கை நாடவேண்டியுள்ளது. இங்கிலாந்தின் பெருங்கழக உரிமையாளர்க்கோ அத்தேவை இல்லை.

இதற்கு இரு மறுப்புகள் கூறப்படுவதுண்டு. இரசிகர் வன்முறையாளர் என்பது முதலாவது. 1985 இல் பிரசெல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில், லிவர்பூல் இரசிகர் சிலரின் தாக்குதலை அடுத்து 39 பேர் மாண்டனர். அது மறைக்கவோ மன்னிக்கவோ கூடியதன்று. ஆனால் சிலர் இழைத்த குற்றம் அனைவரின் வாயையும் அடைப்பதற்கு உரிமம் ஆகாது. 2022 மே மாதம் பாரிஸ் நகரில் நடைபெற்ற ஐரோப்பிய இறுதியாட்டத்தில் லிவர்பூல் இரசிகர்கள் வாயில்களில் நெரிபட்டுக் கண்ணீர்ப்புகைக்கு உள்ளானபோது, தாமதமாக வந்தனர் என்றும் போலிச்சீட்டு வைத்திருந்தனர் என்றும் மீண்டும் அவர்கள் மீதே பழி கூறப்பட்டது. முதன்மைப் பொறுப்பு ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தினுடையதே என 2023 இல் சுயாதீன விசாரணை முடிவுசெய்தது. முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்தும் பழைய பொய்யே முதலில் நாவில் எழுந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

வீரர்களின் ஊதியத்தை ஈடுசெய்யச் சீட்டின் விலை உயர்ந்தே தீரும் என்பது இரண்டாவது மறுப்பு. பிறீமியர் லீக் கழகங்களுட் பெரும்பாலானவற்றுக்கு வாயிற்கட்டணத்தைவிட ஒளிபரப்பு வருமானமே மிகுதி. அவ்வொளிபரப்புக்கு மதிப்பைத் தருவது யாருடைய குரல் என்பதை மேலே கண்டோம். தொலைக்காட்சிக்காக லண்டன் ஆட்டமொன்று மதியம் 12.30 க்கு வைக்கப்படும்போது, ஏறத்தாழ 450 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நியூகாசிலின் இரசிகன் விடியுமுன்னரே புறப்படவேண்டும். அதே ஆட்டம் நமக்கு வசதியான மாலைப்பொழுதில் வந்து சேர்கிறது. நமது வசதிக்கும் அவனது வருத்தத்திற்கும் இடையே உள்ள தொடர்பை உணர்வது நம் கடமை.

எனவே கழகங்களிடம் கேட்கவேண்டியது இன்னுமொரு வினாக்கொத்தன்று. சீட்டின் விலையையும் ஆட்ட நேரத்தையும் மைதானப் பாதுகாப்பையும் தீர்மானிக்கும் இடத்தில் இரசிகரின் பிரதிநிதிகளுக்கு வாக்குரிமை வேண்டும். படிக்கட்டில் நிற்பவனுக்கே அப்படிக்கட்டின் ஆபத்துத் தெரியும். அவனது சொல்லை அவன் இறக்குமுன் கேட்கும் ஏற்பாடு வேண்டும். அதுவரை, 'நாம் செவிசாய்க்கின்றோம்' என்று கழகங்கள் கூறும்போதெல்லாம், கேட்டபின் தீர்மானிப்பவர் யார் என்று நாம் திருப்பிக் கேட்போமாக.