காலையில் போட்டால் மாலையில் கோழிக் குழம்பு!

மெல்லச் சமைக்கும் மின்சாரப் பானையால் பணம் மிச்சமா? நேரம் மிச்சமா?

இங்கிலாந்தில், பூட்டிய வீட்டுக்குள் கோழிக் குழம்பு வேகிறது!

வீட்டில் ஆள் இல்லை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். சமையல் அறையில் ஒரு பானை மட்டும் மின்சாரத்தில் மெல்லச் சுட்டுக்கொண்டு இருக்கிறது. மாலையில் கதவைத் திறந்தால் குழம்பு மணம் வரவேற்கிறது.

இந்தப் பானைக்கு "ஸ்லோ குக்கர்" என்று பெயர். இந்தியரும், பாகிஸ்தானியரும், இலங்கைத் தமிழரும், வெள்ளைக்காரரும் இதில் கோழிக் குழம்பு வைக்கிறார்கள்.

கோழிக் குழம்பு இங்கிலாந்துக்குப் புதிது அல்ல. 1747-ல் லண்டனில் வெளிவந்த ஹன்னா கிளாஸ் அம்மையாரின் சமையல் புத்தகத்திலேயே அதற்குக் குறிப்பு இருக்கிறது. 2001-ல் வெளிநாட்டு மந்திரியாக இருந்த ராபின் குக், "சிக்கன் டிக்கா மசாலா"வைப் பிரிட்டனின் தேசிய உணவு என்றே சொன்னார்.

பானையும் பழையதுதான். ஆனால் 2022-ல் அதற்குத் திடீர் மவுசு பிறந்தது. என்ன காரணம்?

போரும் பானையும்

2022 பிப்ரவரி 24-ந் தேதி ரஷியா உக்ரைன் மீது பெரும் படையெடுப்பைத் தொடங்கியது. ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறியது. பிரிட்டன் ரஷியாவிடம் இருந்து நேராக வாங்கிய எரிவாயு கொஞ்சம்தான். ஆனால் சந்தை ஒன்று, விலையும் ஒன்று. அடுத்த தெருவில் தக்காளி விலை ஏறினால் இந்தத் தெருவிலும் ஏறும் அல்லவா? அதே கதைதான்.

பிரிட்டனில் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் விலை வரம்பு கட்டுவது "ஆப்ஜெம்" என்ற அமைப்பு. அதன் கணக்குப்படி, ஒரு நடுத்தர வீட்டின் ஓர் ஆண்டுச் செலவு 2021 அக்டோபரில் 1,277 பவுன். 2022 ஏப்ரலில் 1,971 பவுன். அதே ஆண்டு அக்டோபரில் 3,549 பவுன் ஆகும் என்று அறிவிப்பு வந்தது. மக்கள் பதறிப் போனார்கள். சர்க்கார் குறுக்கிட்டு, 2,500 பவுனில் நிறுத்தியது. மீதியைக் கஜானா ஏற்றுக்கொண்டது.

அடுப்பை மூட்டவே பயந்த காலம் அது. எதில் சமைத்தால் செலவு குறையும் என்று பத்திரிகைகள் எழுதின. அப்போதுதான் அலமாரியில் தூங்கிய ஸ்லோ குக்கர்களைப் பலர் தூசி தட்டி எடுத்தார்கள்.

விலை பிறகு இறங்கியது. ஆனால் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 2025 அக்டோபர் கணக்கு 1,755 பவுன்.

ஒரு தாய் சொன்ன கதை

இந்தப் பானையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் சிக்காகோ நகரில் வாழ்ந்த இர்விங் நாக்சன் என்ற எஞ்சினீயர். அவர் யூதர். யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை முதல் சனிக்கிழமை மாலை வரை ஓய்வு நாள். அன்று நெருப்பு மூட்டக் கூடாது. ஆனால் சனிக்கிழமை மதியம் சுடச்சுடச் சாப்பிட வேண்டுமே!

நாக்சனின் தாயார் லிதுவேனியா நாட்டில் இருந்து வந்தவர். அங்கே ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று மகனுக்குச் சொன்னார். இறைச்சி, பயறு, கிழங்கு எல்லாவற்றையும் பானையில் போட்டு, வெள்ளிக்கிழமை மாலை ரொட்டிக் கடைக்குக் கொண்டு போவார்கள். கடைக்காரர் அடுப்பை அணைத்த பிறகு, அந்தச் சூட்டிலேயே பானை இரவு முழுவதும் இருக்கும். மறுநாள் உணவு பதமாக வெந்து இருக்கும்.

அந்த அணைந்த அடுப்பின் சூட்டை மின்சாரத்தில் உண்டாக்க முடியுமா என்று மகன் பார்த்தார். முடிந்தது. 1940-ல் காப்புரிமை கிடைத்தது. 1970-ல் ரைவல் என்ற கம்பெனி அவருடைய தொழிலை வாங்கியது. மறு ஆண்டு "கிராக் பாட்" என்ற பெயரில் பானை கடைக்கு வந்தது. அமெரிக்கப் பெண்கள் பெருவாரியாக வேலைக்குப் போகத் தொடங்கிய காலம். 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. பானை அமோகமாக விற்றது.

எரிபொருள் விலை ஏறினால் இந்தப் பானைக்கு யோகம் அடிக்கிறது. 1973-ல் நடந்ததுதான் 2022-லும் நடந்தது.

இந்தியச் சமையல் இதில் ஏற எத்தனையோ ஆண்டு ஆயிற்று. அதுவும் சிக்காகோவில்தான். தொலைக்காட்சி நிருபராக இருந்த அனுபி சிங்லா என்ற இந்திய வம்சாவளிப் பெண், இந்தியச் சமையலுக்கு ஸ்லோ குக்கரை எப்படிப் பயன்படுத்துவது என்று 2010-ல் ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்காவில் உள்ள இந்தியக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

குழம்பு ஏன் சப்பென்று ஆகிறது?

வெளியே உலோகக் கூடு. அதன் உள்சுற்றில் சூடாகும் கம்பி. உள்ளே பீங்கான் பானை. மேலே மூடி. இவ்வளவுதான் ஸ்லோ குக்கர். "லோ" என்றும் "ஹை" என்றும் இரண்டு அளவு இருக்கும். இரண்டுமே கடைசியில் கொதிநிலையை ஒட்டித்தான் போய் நிற்கும். "ஹை"யில் சீக்கிரம் போகும். "லோ"வில் மெல்லப் போகும்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடினால் போதும் என்று விளம்பரம் சொல்கிறது. அப்படிச் செய்தவர்கள் பலர் முதல் நாளே ஏமாந்தார்கள். குழம்பு தண்ணீராக இருக்கும். வெங்காயம் வெளுத்து இருக்கும். மசாலா பச்சை வாசனை அடிக்கும்.

காரணம் எளிது. வெங்காயம் சீக்கிரம் சிவக்க வேண்டும் என்றால் கொதிநீரைவிட அதிகச் சூடு வேண்டும். எண்ணெயில் அந்தச் சூடு வரும். மூடிய பானைக்குள் தண்ணீர் இருக்கும்வரை அந்தச் சூடு வராது. குழம்போடு போட்ட வெங்காயம் அதில் எளிதில் சிவக்காது. ஆகவே தாளிப்பது, வதக்குவது இரண்டையும் அடுப்பில்தான் முடிக்க வேண்டும். அதற்கு ஒரு கால் மணி நேரம் ஆகும். அதைத் தவிர்க்க வழியே இல்லை.

இரண்டாவது, தண்ணீர். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஆவி வெளியே போகும், குழம்பு சுண்டும். இந்தப் பானையில் ஆவி மூடியில் பட்டு மறுபடி உள்ளேயே சொட்டுகிறது. கோழியும் தண்ணீர் விடும். தக்காளியும் விடும். ஆகவே இரண்டு டம்ளர் ஊற்றுகிற இடத்தில் அரை டம்ளர் போதும்.

மூன்றாவது, கோழி. இது பலருக்குத் தெரியாத விஷயம். இந்தப் பானை முற்றிய இறைச்சிக்காகப் பிறந்தது. கடையில் விற்கும் பிராய்லர் கோழியோ ஐந்தாறு வாரக் குஞ்சு. அடுப்பில் அரை மணியில் வெந்துவிடும். அதன் நெஞ்சுக் கறியை எட்டு மணி நேரம் வைத்தால் நார் நாராகப் போய், வாயில் சக்கையாக நிற்கும். எலும்போடு கூடிய தொடைக் கறிதான் இதற்குத் தாங்கும். அதில் உள்ள சவ்வு மெல்லக் கரைந்து குழம்புக்குப் பிசுபிசுப்பும் ருசியும் கொடுக்கும். முட்டையிட்டு ஓய்ந்த முற்றின கோழி கிடைத்தால் இன்னும் நல்லது. எட்டு மணி நேரம் அதற்குத்தான் தகும்.

செய்யும் முறை

ஒரு கிலோ தொடைக் கறி. நாலு பேருக்குத் தாராளமாக வரும்.

மூன்று பெரிய வெங்காயத்தை எண்ணெயில் பொன் நிறமாக வதக்க வேண்டும். இஞ்சி பூண்டு விழுது இரண்டு கரண்டி சேர்த்துப் பச்சை வாசனை போக வதக்கி, மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள் தூள், உப்பு, நறுக்கிய தக்காளி இரண்டு போட்டு, எண்ணெய் பிரியும்வரை கிளற வேண்டும். கிராம்பும் பட்டையும் வழக்கத்தில் பாதி போதும். நெடுநேரம் ஊறினால் அவற்றின் காரம் ஓங்கிவிடும். இந்த மசாலாவைச் சூட்டோடு பானையில் கொட்டி, கோழியைப் புரட்டி, அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி மூட வேண்டும். உருளைக்கிழங்கு போடுவதானால் அடியில் போட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பானையில் கறியைவிடக் கிழங்கு வேகத்தான் அதிக நேரம் பிடிக்கும்!

"லோ"வில் ஆறு மணி நேரம். அல்லது "ஹை"யில் மூன்று, நாலு மணி நேரம். பானைக்குப் பானை இது மாறும். நடுவில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். ஒரு முறை திறந்தால் போன சூடு திரும்பி வர இருபது, முப்பது நிமிடம் ஆகும். தேங்காய்ப் பாலோ தயிரோ கடைசி அரை மணியில்தான். முன்பே ஊற்றினால் திரிந்துவிடும். கறிவேப்பிலை, கொத்தமல்லி, கரம் மசாலா இறக்கும்போது.

கணக்கு என்ன சொல்கிறது?

பணம் மிச்சம் என்று சொன்னார்களே, அது உண்மையா?

2025 அக்டோபரில் பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரம் சுமார் 26 பென்ஸ். ஒரு யூனிட் எரிவாயு சுமார் 6 பென்ஸ். நூறு பென்ஸ் சேர்ந்தது ஒரு பவுன். அதாவது, மின்சாரம் எரிவாயுவைப்போல நாலு மடங்குக்கு மேல் விலை. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

200 வாட் பானை எட்டு மணி நேரம் முழு மூச்சில் ஓடினால் 1.6 யூனிட். அதாவது 42 பென்ஸ். "லோ"வில் வைத்தால் இதைவிடக் குறையும். நாலு மணி நேரம் என்றால் 21 பென்ஸ். 2,000 வாட் மின்சார அவனில் கறியை ஒன்றரை மணி நேரம் வேகவைத்தால், அது பாதி நேரம் மட்டும் சூடேற்றினாலும் 1.5 யூனிட். 40 பென்ஸ் ஆகிவிடும்.

எரிவாயு அடுப்பிலோ, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைத்தால் ஏறக்குறைய ஒரு யூனிட்தான். செலவு ஆறு, ஏழு பென்ஸ்!

ஆக, அவனில் வேகவைக்கும் வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு ஸ்லோ குக்கர் சில சமயம் லாபம். எரிவாயு அடுப்பில் அரை மணியில் கோழிக் குழம்பு இறக்கும் இந்தியக் குடும்பத்துக்கு அது நஷ்டம். பத்திரிகைகள் ஒப்பிட்டது பெரும்பாலும் அவனோடுதான். இதைச் சொல்லாமல் "பணம் மிச்சம்" என்று விற்பது வியாபாரத் தந்திரம்.

மிச்சம் ஆவது நேரம். பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில் இந்திய நர்சுகள் ஏராளம். பன்னிரண்டு மணி நேர வேலை சாதாரணம். அப்படி நின்று களைத்து, பனியில் பஸ் பிடித்து வருகிற பெண்ணுக்கு, வீட்டில் குழம்பு தயாராக இருப்பதற்கு 30 பென்ஸ் பெரிதா? இல்லை. ஆனால் அவள் அதைத் தெரிந்தே கொடுக்க வேண்டும். காலையில் அந்தக் கால் மணி வதக்கலைக் கணவர் ஏற்றுக்கொண்டால் இன்னும் நியாயம்.

இந்தியாவில் இந்தப் பானை ஏன் பரவவில்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. நம் நாட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறது. அது நேரத்தையும் எரிபொருளையும் சேர்த்து மிச்சம் பிடிக்கிறது. மேலும், ஸ்லோ குக்கருக்கு நாள் முழுவதும் மின்சாரம் நிற்காமல் வர வேண்டும்.

உயிர் காக்கும் விதிகள்

ஆள் இல்லாத நேரத்தில் மின்சாரம் போய்விட்டால், எவ்வளவு நேரம் நின்றது என்று யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்ட குழம்பைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கொட்டிவிட வேண்டும் என்று அமெரிக்க விவசாயத் துறை சொல்கிறது.

4 டிகிரியில் இருந்து 60 டிகிரி வரை உள்ள சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆகவே ஐஸ் கட்டியாக உறைந்த கோழியை அப்படியே பானையில் போடக் கூடாது. அது இந்த எல்லையைத் தாண்டவே பல மணி நேரம் ஆகும். முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து உறைவு நீக்க வேண்டும். வெந்த கறியின் நடுவில் 74 டிகிரி சூடு இருக்க வேண்டும்.

கோழியைக் கழுவவும் கூடாது என்கிறது பிரிட்டிஷ் உணவுத் தர அமைப்பு. 2014-ல் இதற்கு ஒரு பிரசாரமே நடத்தியது. குழாயடியில் கழுவும்போது கிருமி தெறித்து, பக்கத்தில் உள்ள தட்டிலும் காய்கறியிலும் ஒட்டிக்கொள்ளும். வேகும் சூட்டில் கிருமி எப்படியும் செத்துவிடும் என்பது அதன் வாதம். மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் அலசும் நம் பாட்டிமார் இதை லேசில் ஒப்ப மாட்டார்கள்!

கோழியோடு ராஜ்மா பயறும் சேர்ப்பவர்கள் உண்டு. இங்கே மிகுந்த கவனம் வேண்டும். பச்சை ராஜ்மாவில் ஒரு நஞ்சு இருக்கிறது. ஸ்லோ குக்கரின் மெல்லிய சூட்டில் அது சாகாது, கூடவும் செய்யலாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பயறை ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பிறகுதான் பானையில் போடலாம்.

மீந்த குழம்பை இரண்டு மணி நேரத்துக்குள் சிறு பாத்திரங்களில் ஊற்றிப் பிரிட்ஜில் வைக்க வேண்டும். மறுநாள் சுடவைப்பது அடுப்பில்தான். ஸ்லோ குக்கரில் அல்ல.