நடுவர் சொல்லும் கன்றுக்குட்டியும்

பாட்டுக் கச்சேரிக்கு விமரிசனம் எழுதுவோர் உளர். பேச்சுப் போட்டிக்கு மதிப்பெண் இடுவோர் உளர். கோலப் போட்டியில் பரிசு கூறிவிட்டு அந்தத் தெரு வழியே வீடு திரும்ப அஞ்சுவோரும் உளர். இவர்களில் எவருக்கும் இல்லாத சங்கடம் ஒன்று, பிள்ளைகள் வளர்த்த கன்றுகளுக்கு நடுவராக வந்து நிற்பவருக்கு உண்டு. எதைப் பற்றி அவர் தீர்ப்புக் கூறுகிறாரோ, அந்தக் கன்றுக்கு அவர் பேச்சு விளங்காது. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்கோ ஒவ்வொரு சொல்லும் விளங்கும். கன்றைப் பார்த்துச் சொல்வதெல்லாம் பிள்ளையின் நெஞ்சில் போய் விழுகிறது. இந்த இக்கட்டிலிருந்து தப்பும்பொருட்டு அந்நடுவர்கள் பேசிப் பழகிய விநோத மொழியைப் பற்றியே இத்திங்கள் எழுத எண்ணினேன். மாட்டுப் பொங்கலன்றி மாட்டை நினையாத அன்பர்கள் பொறுத்தருள்க.

அமெரிக்க நாட்டில் இது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. 1902ஆம் ஆண்டில் ஓஹியோ மாநிலத்தில் ஏ. பி. கிரஹாம் என்னும் பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய சங்கம், பின்னாளில் நாலு ‘எச்’ இயக்கம் என்று பெயர் பெற்ற பெருமரத்துக்கு வித்துகளுள் ஒன்றாயிற்று. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் அந்த எழுத்தில் தொடங்குவதால் வந்த பெயர் அது. இங்கிலாந்திலும், 1921இல் டெவன் பகுதியைச் சேர்ந்த ஹெம்யாக் என்னும் ஊரில் முதல் இளம் உழவர் சங்கம் தோன்றியபோது, பிள்ளைகளிடம் ஒப்படைக்கப்பட்டவை கன்றுக்குட்டிகளே.

அமெரிக்கக் கண்காட்சியில் நடுவர் முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்று விரலைக் காட்டிவிட்டு நழுவிவிட முடியாது. ஒலிபெருக்கியை வாங்கி, இன்ன காரணத்தால் இதனை அதற்கு முன்னே நிறுத்தினேன் என்று கூட்டம் கேட்க உரைத்தாக வேண்டும். கறவைப் பசுவுக்கு அங்கே நூறு மதிப்பெண் கொண்ட பட்டியலே உண்டு. மடிக்கு 40, கறவைக்குரிய உடல்வலிமைக்கு 25, பின்னங்கால்களுக்கும் குளம்புகளுக்கும் 20, உடற்சட்டகத்துக்கு 15. கன்றுக்கு மடி ஏது? நாற்பது மதிப்பெண்ணுக்குரிய பேச்சை வேறெங்கே செலவழிப்பது? நடுவர் கன்றின் முகத்தில் உள்ள இனிமையைப் புகழத் தொடங்கிவிடுவார்!

அவர்கள் பேச்சில் சில சொற்கள் நிலைபெற்றுவிட்டன. “இவள் மேட்டில் ஏறுவதுபோல் நிற்கிறாள்” என்றால் முன்னுடல் சற்றே உயர்ந்து அழகாக இருக்கிறது என்று பொருள். சமதரையில் நிற்கும் கன்றைப் பார்த்து இதைச் சொல்லக் கேட்டால் புதியவர் கண்ணைக் கசக்கிக்கொள்வார். “விலாவில் நல்ல வில்வளைவு” என்றால் தீனிக்கு வயிற்றில் இடமுண்டு என்பது. குறை கூறும் இடத்தில்தான் நாவன்மை முழுதும் வெளிப்படும். மெலிந்த கன்றை மெலிந்தது என்று சொல்லக்கூடாது. “இவளுக்கு இன்னும் சிறிது காலம் கொடுக்க வேண்டும்” என்பர். ஒன்றுமே சொல்லத் தோன்றாவிடில், “இன்று இவளுடைய நாள் அன்று” என்று பழியை நாளின்மேல் ஏற்றிவிடுவர். “வேறொரு நாளில் வேறொரு நடுவர் வந்தால் இவ்வரிசை தலைகீழாகலாம்” என்பது மற்றொன்று. அப்படியானால் இன்று இவர் எதற்கு வந்தார் என்று கூட்டத்தில் எவரும் கேட்பதில்லை. கடைசியில் நிற்கும் கன்றுக்கென்றே ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்: இத்துணைச் சிறந்த வகுப்பில் கடைசியாக நிற்பதும் எந்தத் தொழுவத்துக்கும் பெருமையே என்பது அது.

ஆங்கிலத்தில் கிடாரிக் கன்றை ‘அவள்’ என்றும் ‘இளநங்கை’ என்றும் குறிப்பது இவர்கள் வழக்கம். பக்கத்தில் கயிற்றைப் பிடித்து நிற்பவளும் ஓர் இளநங்கை. “இந்த நங்கையின் பின்னங்கால்கள் சற்று வளைவு, நடையில் இன்னும் நயம் வேண்டும்” என்று ஒலிபெருக்கி முழங்கினால், முகம் சிவப்பது கன்று அன்று. உயர்திணை, அஃறிணை என்று வகுத்த நம் மொழியில் இவ்விபத்துக்கு இடமில்லை என்று பெருமை கொள்ளலாம். ஆனால் முழுதும் கொள்ள வேண்டா. திணை வழுவமைதிக்குப் பள்ளி இலக்கண நூல்கள் தரும் உதாரணம் எது என்பதை உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பசுவைக் கண்ட மகிழ்ச்சியில் அதனைத் தாயென்றே சுட்டி, பெண்பால் வினையால் பேசுவதுதான் அது. உவப்பினால் வந்தது, ஆகவே பிழையன்று என்று இலக்கணம் சமாதானம் சொல்கிறது. எதற்கும் வளையாத இலக்கணமும் மாட்டுக்கு முன்னே சற்று வளைந்து கொடுத்திருக்கிறது.

மாட்டை விட்டு, அதனைப் பிடித்து நடத்தும் பிள்ளையையே மதிப்பிடும் போட்டி ஒன்றும் அங்கு உண்டு. கறவையினப் பிரிவில் வெள்ளை உடை உடுத்து, கன்றைப் பார்த்தபடி தாம் பின்னோக்கி நடந்து அழைத்து வருவது நெடுநாள் மரபு. நடுவர் அருகில் வந்து, கன்று பிறந்த தேதி என்ன, தந்தைக் காளை எது, நாளொன்றுக்கு என்ன தீனி என்று வினவுவார். திடீரென்று இருவர் கன்றுகளை மாற்றிப் பிடிக்கச் சொல்வார். தன் கன்றிடம் பெற்ற பணிவைப் பிறர் கன்றிடமும் பெற முடிகிறதா என்று அறியத்தான். பரிசு நினைவாக நடுவர் முகத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நடக்கும் பிள்ளைகளை இங்கே நடுவர்கள் இலேசாகக் கடிந்துகொள்வர். அதற்குள் கன்று அவர்கள் காலை மிதித்து அதே தீர்ப்பை வழங்கியிருக்கும்.

மிகச் சிறு குழந்தைகளின் பிரிவில் பரிசு வரிசையே கிடையாது. நடுவர் குனிந்து ஒலிபெருக்கியைக் குழந்தையின் வாயருகே பிடித்து, கன்றின் பெயர் என்ன என்று கேட்பார். வீட்டு இரகசியங்கள் எல்லாம் ஊரறிய வெளிப்படும். அனைவருக்கும் நாடா உண்டு. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கும், ஒருவரையொருவர் வெல்வதற்குப் பதிலாக ஒரு பொது அளவோடு மட்டும் ஒப்பிட்டு, மிக நன்று என்றால் நீலம், நன்று என்றால் சிவப்பு, முயல்க என்றால் வெள்ளை என நாடா அளிக்கும் முறையை அவ்வியக்கம் பல இடங்களில் கைக்கொள்கிறது. இதற்கு டேனிஷ் முறை என்று பெயர்.

இத்தனை மென்மையும் வீண் உபசாரமென்று தள்ள முடியாது. அந்நாட்டில் இறைச்சிக்கென வளர்க்கும் காளைக்கன்று கண்காட்சி முடிவில் ஏலத்துக்குப் போகிறது. மாதக்கணக்கில் குளிப்பாட்டி, வாரி, பெயரிட்டு அழைத்த பிள்ளை, கயிற்றை அந்நியர் கையில் கொடுத்துவிட்டு அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்கும். சற்று முன்பு “இவனுக்கு முதுகில் நல்ல தசை” என்று நடுவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் அப்பிள்ளைக்கு முழுதும் விளங்கும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். மாட்டின் அங்க இலட்சணம் பேசுவதில் நம்மவர் யாருக்கும் இளைத்தவரல்லர். காங்கேயத்துக்கு அண்மையில் உள்ள கண்ணபுரத்துச் சித்திரைச் சந்தையிலும், அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையிலும் நின்று காது கொடுத்தால், அமெரிக்க நடுவர் நாணிப் போவார். விலை மட்டும் துண்டுக்கடியில், விரல் பிடித்து, மௌனமாக முடியும். மற்றவையெல்லாம் உரத்த குரல்தான். பல்லைப் பிடித்து வயதைச் சொல்வர். காங்கேயத்தில் மயிலை, பிள்ளை, காரி, செவலை என்று நிறம் பிரிப்பர். நிறத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. காங்கேயக் கன்று பிறக்கும்போது செந்நிறம்; ஏறத்தாழ ஆறு மாதத்தில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். தஞ்சை நாட்டு உம்பளாச்சேரிக் கன்றும் அவ்வாறே நிறம் மாறுவது. இதை அறியாத நடுவர் ஒருவர் இளங்கன்றைப் பார்த்து ‘இனக்கலப்பு’ என்று எழுதிவிட்டால், குறை கன்றினுடையதன்று.

நிறம் போகட்டும். நம் சந்தைப் பேச்சில் பிள்ளையின் நெஞ்சைச் சுடுவது சுழி சாத்திரமே. மயிர் சுழித்து நிற்கும் இடத்தைக் கொண்டு இராச சுழி, கோபுர சுழி, இலட்சுமி சுழி என்று வாழ்த்துவர், கேட்க இனிக்கும். துடைப்பச் சுழி என்றொன்று உண்டு. வாங்கியவன் வீட்டுச் செல்வத்தைத் துடைத்துவிடுமாம். பெண்டிழந்தான் சுழி என்றும் ஒன்று. பெயரே பொருளைச் சொல்கிறது. தரகர் இதை மாட்டின் விலையைக் குறைக்கவே சொல்கிறார் என்பது பெரியவருக்குத் தெரியும். கயிற்றைப் பிடித்து நிற்கும் எட்டு வயதுப் பையனுக்கு என்ன தெரியும்? தான் பாலூட்டி வளர்த்த கன்றினால் தன் தாய் இறந்துவிடுவாள் என்றுதான் அவன் காதில் விழுகிறது. அன்று மாலையே கன்று அரைவிலைக்குக் கைமாறினாலும் அவனால் அழவும் முடியாது. அழுதால் தாய்க்கு ஆகாதே!

சுழியில் அறவே ஒன்றும் இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டினும் அவருடன் ஆய்ந்தோரும் 1995இல் ஒரு செய்தி வெளியிட்டனர். நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே அமைந்த மாடுகள், அடைத்துப் பிடிக்கும்போது மற்றவற்றைவிட அதிகம் மிரளுகின்றன என்பது அது. மாட்டின் குணத்தைச் சிறிது சுட்டக்கூடும். வீட்டாரின் ஆயுளைச் சுட்டுமென்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. கண்காட்சி நடுவர் குளம்பு வளர்ந்திருக்கிறது என்றால் சீவிவிடலாம். எடை போதாது என்றால் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துத் தீனியைக் கூட்டலாம். சுழி கெட்டது என்று சொல்லப்பட்ட கன்றுக்குப் பிள்ளை என்ன செய்யும்? விளக்குமாற்றையா எடுத்து வந்து மயிரைத் திருத்தும்?

தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறையினர் ஊர்தோறும் நடத்தும் முகாம்களில் சிறந்த கிடாரிக் கன்றுகளுக்குப் பரிசளிப்பது வழக்கமாகியிருக்கிறது. அப்பரிசோடு, ஏன் கொடுத்தோம், ஏன் கொடுக்கவில்லை என்று இரண்டு வாக்கியம் பிள்ளையிடம் சொல்வதும் சேர்ந்தால் முகாமின் பயன் இரட்டிக்கும்.

நம் தீவுகளுக்கும் மாட்டுக்கும் உள்ள உறவு சற்று வேடிக்கையானது. காட்டுப்பன்றியை விட்டால் அந்தமானில் இயற்கையாய் வாழ்ந்த பெரிய குளம்பு விலங்கு வேறில்லை. 1858இல் ஆங்கிலேயர் கைதிகளைக் கொணர்ந்து குடியேற்றம் அமைத்த பின்னரே மாடுகளும் வந்து பெருகின. ஆகவே இங்குள்ள ஒவ்வொரு பசுவும் நம்மைப் போலவே கப்பலேறி வந்த குடும்பத்தைச் சேர்ந்தது. நிக்கோபாரில் டிரிங்கெட் தீவுப் பக்கம் கட்டுத்தறி அறியாமல் திரிந்த மாடுகள், டேனியர் விட்டுச் சென்றவற்றின் வழிவந்தவை எனக் கருதப்படுகின்றன. தரங்கம்பாடியிலிருந்து 1756இல் அத்தீவுகளுக்கு உரிமை கொண்டாடப் புறப்பட்டு, 1868இல் அவற்றை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனவர்கள் அவர்கள். பிள்ளைகளுக்கு நாடா வழங்கும் முறையோடு ஒட்டிய பெயரும் அவர்களுடையதே என்பது தற்செயல்தான். ஆயினும் எனக்குப் பிடித்திருக்கிறது.

மாட்டுப் பொங்கலன்று, ஸ்ரீ விஜயபுரத்திலாயினும் (2024 வரை போர்ட் பிளேர்) வேறு தீவுகளிலாயினும், கன்று வைத்திருக்கும் நம் குடும்பத்துப் பிள்ளைகளைக் கொண்டு சிறு கண்காட்சி ஒன்று நடத்தினால் என்ன? பெரிய செலவில்லை. மூங்கில் வேலி ஒன்று, கால்நடை மருத்துவர் ஒருவர், மூன்று நிற நாடா, தாது உப்புப் பொட்டலங்கள் சில. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பொழியும் இம்மண்ணில் கன்றுகளுக்கு வரும் கேடுகளில் பெரும்பாலானவை ஈரத்தால் வருவன: உண்ணி, குடற்புழு, குளம்பு அழுகல். மருத்துவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் முதலில் நல்லதைச் சொல்லி, பின்னர் அடுத்த பொங்கலுக்குள் திருத்தக்கூடிய ஒரே ஒரு குறையைச் சொல்லட்டும். கன்று பிறந்ததும் சீம்பால் கொடுத்தீர்களா, எப்போது கொடுத்தீர்கள் என்று பெரியவர்களையும் நாலு பேர் நடுவில் கேட்கட்டும்.

சுழி பார்க்கத் தெரிந்த பெரியவர்களும் அவசியம் வரவேண்டும். அவர்களுக்கு வேலிக்கு வெளியே, ஒலிபெருக்கிக்கு எட்டாத தூரத்தில், நிழலாக ஓர் இடமும் நாற்காலியும் சூடான காப்பியும் ஏற்பாடு செய்துவிடலாம்.