கணவாய் கரைக்கு ஏன் வருது?

கரிமேடு மார்க்கெட்டில் கணவாய் வாங்கும் மதுரைக்காரர்கள் பலர் அதை மீன் என்றே நினைக்கிறார்கள். அது மீன் இல்லை. நத்தை, சிப்பியின் உறவுக்கார மெல்லுடலி. மீனவர்கள் தெளிவாகப் பிரித்துச் சொல்வார்கள்: ஓட்டுக் கணவாய், ஒல்லியான ஊசிக் கணவாய், எட்டுக்கால் பேய்க் கணவாய். நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று பொட்டலம் கட்டித் தருகிறார்களே, அது நுரையே கிடையாது. ஓட்டுக் கணவாயின் உள் ஓடுதான். அதன் சின்னஞ்சிறு அறைகளில் காற்றையும் நீரையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் மிதக்கிறது.

மூன்று இதயம், நீல ரத்தம், நொடியில் மாறும் நிறம். வேடிக்கை என்னன்னா, இவ்வளவு வேஷம் போடும் கணவாய்க்கு நிறக்குருடு என்கிறார்கள் ஆய்வாளர்கள். பொறுமையும் உண்டு. பிடித்த இறாலுக்காக, முன்னால் இருந்த சுமாரான இரையைத் தொடாமல் ஐரோப்பியக் கணவாய்கள் இரண்டு நிமிடம் வரை காத்திருந்ததாக 2021இல் ஓர் ஆய்வு வெளியானது.

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஆழமில்லாத தண்ணீரில் இவை தென்பட முக்கியக் காரணம், முட்டை. கடல்புல், பவளப்பாறை, கயிறு என்று எது கிடைத்தாலும் அதில் திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிவிடும். அதன்பின் தாய் அதிக நாள் வாழ்வதில்லை. பல மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தில் வெகுதூரம் மிதந்து போகும். ஓட்டுக் கணவாய்க்கு அந்தப் பருவமே இல்லை. குட்டிக் கணவாயாகவே பொரிந்து, அங்கேயே தரையை ஒட்டி வாழத் தொடங்கும். ஆகவே ஒரு கடல்புல் படுகையை இழுவைமடி வழித்தெடுத்தால், அங்கே வளர வேண்டிய அடுத்த தலைமுறையும் சேர்ந்தே போகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் நல்லதுதான். ஆனால் கணவாய் பஞ்சாங்கம் பார்த்து முட்டையிடுவதில்லை. நம் கடலில் அது பல மாதங்கள் நீளும். எனவே எப்போது பிடிக்கிறோம் என்பதைவிட எங்கே பிடிக்கிறோம் என்பதே முக்கியம். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டம். அதைக் கறாராக அமல்படுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பில் அறிவிக்கப்பட்ட கடற்பசு பாதுகாப்பகம், கடல்புல்லைக் காப்பதால் கணவாய்க்கும் உதவும்.

விசைப்படகுக்காரர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. குறுகிய கடல், எல்லைச் சிக்கல். அவர்கள் எங்கே போவார்கள்? பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்ற 2017இல் தொடங்கிய திட்டம் இலக்கை எட்டவில்லை. கடனையும் படகின் விலையையும் மறுபரிசீலனை செய்து அதை அரசு மீண்டும் கையிலெடுக்க வேண்டும். அதுவரை, கூண்டிலோ கயிற்றிலோ ஒட்டி வரும் முட்டைக் கொத்தைக் கரையில் உதறாமல் கடலிலேயே விடலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.